விரற்கடை இடைவெளி

மலாயாவில், மந்தின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், காட்டுக்காரர்கள் எனப்பட்ட கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் லோரியை எரித்து, போன் கம்பியையும் அறுத்துவிட்டுப் போன பிறகு, மிஞ்சிய வண்டி துரையின் அமெரிக்கக் கார் ஒன்றுதான். கிளச் மிதி இல்லாமல், தானாகவே கியர் மாறும் கார். எண்ணெய் ஒழுகியதால் கியர்பெட்டியைக் கழற்றி, காரை மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தான் மெக்கானிக் முருகையா. அன்று மத்தியானம் அவன் மனைவி தாயம்மாவுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் அவளே பிழைக்கமாட்டாள் என்று மருத்துவச்சி மங்கம்மா சொல்லியனுப்பினாள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. வேலிக் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

கிளச்சின் வேலையைச் செய்யும், கனத்த இரும்புச் சட்டி போலிருந்த கன்வர்ட்டரைக் கியர்பெட்டியின் தண்டில் மாட்டினான் முருகையா. லோரி டிரைவர் அர்ச்சுனன் ஜாக்கியால் பெட்டியை உயர்த்தினான். அது எஞ்சினோடு சேரவில்லை. விரற்கடை இடைவெளி நின்றது. தொழிலாளர் லயத்திலிருந்து தாயம்மாவின் அலறல் கேட்டது.

"போல்ட்ட முடுக்குண்ணே, தானா உள்ள போயிரும். நேரமில்ல லா" என்றான் அர்ச்சுனன்.

முருகையாவின் கை ஸ்பானரில் இருந்தது. ஒரு கணம் முடுக்கவே நினைத்தான்.

"சட்டி சரியா உக்காரல தம்பி. இழுத்து முடுக்குனா பெட்டிக்குள்ள இருக்கற எண்ணெ பம்பு ஒடைஞ்சிரும். காட்டுப் பாதையில நின்னுட்டா அவள யாரு தூக்குவா? எறக்கு."

இறக்கும்போது கன்வர்ட்டர் நழுவி முன்னால் சரிந்தது. முழங்கையைக் கொடுத்துத் தாங்கினான். தோல் உரிந்து ரத்தம் கொட்டியது. மறுபடி தண்டில் வைத்து, உள்ளே தள்ளியபடியே மெல்லச் சுழற்றினான். சாமி பேரெல்லாம் வாயில் வந்தது. தண்டின் பல் ஒன்று தடக்கென்று பொருந்தியது. இன்னும் சுழற்றினான். கடைசியில் பம்பின் பள்ளத்தில் ஆழமாக இறங்கி உட்கார்ந்தது. மறுபடி நழுவாமல் கம்பியால் கட்டித் தூக்கினார்கள். இம்முறை பெட்டி எஞ்சினோடு ஒட்டி நின்றது. சட்டி கையால் தள்ளத் தாராளமாகச் சுற்றியது. அதன் பிறகே போல்ட்டுகளை முடுக்கினான்.

எண்ணெய் ஊற்றி, காரைக் கட்டைகளிலிருந்து இறக்கி, தாயம்மாவைப் பின்சீட்டில் முருகையாவின் மடியில் சாய்த்துக் கிளம்பியபோது வேலிக் கதவைப் பூட்டியிருந்தார்கள். முன்சீட்டில் ஏறிக்கொண்ட துரை, காவலர்களிடம் பேசித் திறக்கவைத்தார். அர்ச்சுனன் ஓட்டினான். இருண்ட ரப்பர் மரங்களுக்கிடையே கார் எங்கும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. தாயம்மா பிழைத்தாள். விடிந்ததும் கண் திறந்து, "ஆம்பளப் புள்ளயா?" என்று கேட்டாள்.

ஆமென்று தலையசைத்தான் முருகையா. பிள்ளை இல்லையென்று அவன் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள்.