தாமதமாக வந்த பிரெஞ்சுக் கப்பல்

கடல்மேல் கிடக்கும் பனிமூட்டத்தில் நான் தவறுதலாகப் போட்ட ஓட்டை இன்றுவரை அடைபடவில்லை. நோவா ஸ்கோஷியாவில் எங்கள் ஊர்க் கோட்டையில் தினமும் நண்பகலில் குண்டில்லாமல் பீரங்கி வெடிப்பது வழக்கம். வெடிக்கவைப்பவன் நான், பழங்காலச் சிப்பாயின் சிவப்புக் கம்பளிச் சட்டைக்குள் வெந்துகொண்டே சுற்றுலாக்காரர்களுக்குச் சரித்திரம் சொல்பவனும் நான்தான். அன்று வெடிமருந்துப் பையைப் போட்டோமா இல்லையா என்ற குழப்பத்தில் இன்னொன்றையும் போட்டுத் தொலைத்தேன். மூட்டத்தில் வட்டமாக ஓட்டை விழுந்தது. மறுநாள் அதன் வழியாக, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் மூட்டத்துக்குள் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்து நங்கூரம் போட்டது.

கோட்டையைக் கட்டியதே அந்தக் கப்பலைத் தடுக்கத்தான். அது வரும் வரும் என்று ஆங்கிலச் சிப்பாய்கள் குளிரில் மதில்மேல் காத்துநின்று, ஈறு அழுகியும் காய்ச்சல் கண்டும் செத்தார்கள். ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அவர்களுடைய கல்லறைகள் மேட்டில் இருக்கின்றன. அங்கே கூட்டிப்போகும்போதெல்லாம் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அப்போ இவங்கல்லாம் சும்மாவா செத்தாங்க?" தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கழிப்பறை இடதுபக்கம் என்று சொல்வேன். பாதி வாழ்க்கை இந்தப் பதிலிலேயே போய்விட்டது.

கப்பல் தலைவர் லெ கோஃப் படகில் வந்து, கோட்டை உடனே சரணடைய வேண்டும் என்றார். டிக்கெட் ஜன்னலில் இருந்த வெர்னா ஸ்விக்கர் தலை நிமிராமல், "மணி அஞ்சாச்சு, மூடியாச்சு. நாளைக்கு வாங்க, வயசானவங்களுக்குப் பாதி விலை" என்றாள். மறுநாள் வந்தார். அதற்கடுத்த கோடைகளிலும் வந்தார். சிங்கி இறால் பிடிப்பவர்கள் கூண்டுக் கயிறு சிக்குகிறதென்று கப்பலைத் திட்டினார்கள். பிறகு அதன் நங்கூர வடத்திலேயே தங்கள் படகுகளைக் கட்டினார்கள். மாலுமிகள் தேவாலய விருந்துக்கு வந்து, மீன் சூப்பில் உப்புப் போதாது என்றார்கள்.

சிப்பாய்கள் காத்துநின்றபோதே ஏன் வரவில்லை என்று லெ கோஃபிடம் ஆண்டுதோறும் கேட்டேன். "காத்து சரியில்ல" என்றார். இன்னொரு தடவை, "குடிதண்ணி தீந்துபோச்சு." மற்றொரு தடவை, "சூப்பு ஆறுது, குடி."

இந்த அக்டோபரில், சுற்றுலாப் பருவத்தின் கடைசிக் கூட்டத்தோடு அவரும் மேட்டுக்கு ஏறி வந்தார். ஒரு பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். நான் கழிப்பறையைக் காட்டினேன்.

"இதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்குறாங்க, கார்க்கம்?" என்றார் லெ கோஃப்.

கூட்டம் இறங்கிப் போனதும் நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"முடியல கேப்டன். இங்க படுத்திருக்குற ஆளுங்க முன்னாடி வந்து நிக்கவே கூச்சமா இருக்கு. ஒரு தடவையாவது நெசத்தச் சொல்லுங்க. ஏன் வரல?"

அவர் தொப்பியைக் கழற்றினார். அதாலேயே கடல் பக்கம் காட்டினார்.

"வந்தோம்பா. அதோ அந்த முனை வரைக்கும் வந்தோம். மதில்மேல இவங்க விளக்குங்க ராத்திரி பூரா நடந்துக்கிட்டே இருந்துச்சு. எந்த விளக்கும் உக்காரல, தூங்கல. என் ஆளுங்க என் மூஞ்சியப் பாத்தாங்க. பயந்துட்டோம். மூட்டத்துக்குள்ளயே திரும்பிட்டோம்."