ஆல்வா ஸ்ட்ரவுட் சொல்ல மறுத்த வார்த்தை

1891ஆம் ஆண்டு எங்கள் ஹார்லோ கிரீக் கல்லூரியின் கால்பந்து அணி முதல் ஐந்து ஆட்டங்களில் எடுத்த புள்ளிகள் பூஜ்யம். எதிரிகள் எடுத்தவை நூற்றெழுபத்தெட்டு. சிலர் இதைத் தோல்வி என்றார்கள். கல்லூரிப் பத்திரிகையில் நான், "தற்காப்பில் இன்னும் சற்றுக் கவனம் தேவை" என்று எழுதினேன். பத்திரிகை ஆசிரியரும் நானே, இடது ஓரத்து ஆட்டக்காரனும் நானே என்பதால் இரு தரப்பையும் விசாரித்துத்தான் எழுதினேன்.

கல்லூரித் தலைவர் டாக்டர் விட்கோம்ப், எங்கள் கேப்டன் ஆரின் பெல்லைக் கூப்பிட்டனுப்பினார்.

"பிராட்டன் கல்லூரியோட கடைசி ஆட்டம் இருக்குல்ல தம்பி? அதுல ஒரு தடவையாவது புள்ளி எடுங்க. இல்லேன்னா அந்த மைதானத்துல உருளைக்கிழங்கு போட்டுடுவேன். அதாச்சும் விளையும்."

எங்கள் சிக்கலின் பெயர் ஆல்வா ஸ்ட்ரவுட். எங்கள் ஊர்க் கால்பந்தில் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரிகளின் கோட்டைத் தாண்டினால்தான் புள்ளி; அப்படிப் பந்தோடு ஓடுபவன் அவன். இருநூற்றிருபது பவுண்டு உடம்பு, பாதிரியாராவதற்கான படிப்பு. ஓடுகிறவன் பிடிபட்டால், "விழுந்தேன்!" என்று அவனே கத்தினால்தான் ஆட்டம் நிற்கும். அதுவரை எதிரிகள் அவனை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம். மற்றவர்கள் முழங்கால் மண்ணில் படுமுன்பே கத்திவிடுவார்கள். ஆல்வா கத்தமாட்டான்.

"ஒரே ஒரு வார்த்தை மாப்ளே, சொல்லித் தொலையேன்" என்று ஆரின் கெஞ்சுவான்.

"நான்தான் விழலையே."

"உம்மேல ஆறு பேர் உக்காந்திருந்தாங்கடா!"

"உக்காந்திருந்தாங்க. நான் எந்திரிச்சிருப்பேன். எந்திரிக்க முடியறவன் விழுந்தேன்னு சொன்னா, அது பொய்சாட்சி."

அவன் எழுந்திருப்பதற்குள் அவனை எங்கள் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, அதற்கும் இரண்டு புள்ளி வாங்கிக்கொள்வார்கள்.

பிராட்டன் ஆட்டத்தன்று மழை. அவர்கள் நாற்பது எடுத்திருந்தபோது, ஆல்வா அவர்களுடைய கோட்டுக்கு எட்டு கெஜம் முன்னால் பிடிபட்டான். நான்கு பேர் அவன் கான்வாஸ் சட்டையைப் பற்றி வழக்கம்போல் பின்னால் இழுத்தார்கள். ஐந்து ஆட்டங்களாக யாருக்கும் தோன்றாத ஒன்று ஆரினுக்கு அப்போது தோன்றியது.

"டேய், அவனுங்க மட்டும்தான் இழுக்கணுமா? நாமளும் இழுப்போம்டா!"

ஓடினோம். சட்டையில் பிடிக்க இடமில்லை. கிடைத்தது தலைமுடி. மண்டையைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லாததால் ஜூன் மாதத்திலிருந்து நாங்கள் யாரும் முடி வெட்டியிருக்கவில்லை. மூன்று பேர் முடியைப் பிடித்தோம், மற்றவர்கள் கைகளை.

"ஆல்வா, வாயத் திறந்தே, கொன்னுடுவேன்!" என்றான் ஆரின்.

"வலிக்குது ஆரின்."

"வலிக்கட்டும். விழாத!"

பிராட்டன் கேப்டன், "யோவ் பாதிரி, சொல்லிட்டு வீட்டுக்குப் போய்யா, குளிருது!" என்று கத்தினான். நடுவர் குடையை விரித்தார். ஏழு நிமிடம் கழித்துச் சட்டை கிழிந்தது. முடி கிழியவில்லை. ஆல்வாவும் நாங்களும் ஒரே குவியலாகக் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தோம்.

நடுவர் குனிந்தார். "தாண்டியாச்சு. ஆனா பந்து வச்சிருக்கவன் சொல்லணும். சொன்னாத்தான் புள்ளி."

பிராட்டன்காரர்கள் கந்தலை எறிந்துவிட்டு ஆல்வாவின் கால்களைப் பிடித்தார்கள்.

"சொல்லுடா!" என்றான் ஆரின்.

"இப்பதானே கொன்னுடுவேன்னே?"

"அது அப்போ!"

ஆல்வா யோசித்தான். யோசிக்கும்போதே ஒரு முழம் பின்னால் போனான். பிறகு இன்னொரு முழம். கோடு அவன் இடுப்புக்கு வந்துவிட்டது.

"இரு, எந்திரிக்க முடியுதான்னு பாக்குறேன்" என்று முழங்கையை ஊன்றினான்.

அவன் நேர்மையாகவே முயன்றான். நானும் நேர்மையாகவே அவன் பிடரியில் உட்கார்ந்தேன். என்மேல் ஆரின் உட்கார்ந்தான். அவன்மேல் மீதிப் பேர்.

"அட, முடியலையே" என்றான் ஆல்வா வியப்போடு. பிறகு, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "விழுந்தேன்!"

நான்கு புள்ளிகள். ஆட்டம் நாற்பதுக்கு நான்கில் முடிந்தது. ஆல்வாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வேலியோரம் போனோம். அங்கே டாக்டர் விட்கோம்ப் நனைந்தபடி நின்றிருந்தார்.

"சரி, அடுத்த வருஷமும் ஆடுங்க" என்றார். "முதல்ல அந்தப் பையனுக்கு ஒரு சட்டையக் குடுங்கப்பா."