பதினோரு வருடத்தின் மேல் ஒரு கோடு

1672 மார்ச்சில், லண்டனில் அச்சுக்கூடம் நடத்திவந்த விதவை டபித்தா ஹர்லாக்கின் வீட்டிலிருந்து, அரசின் அனுமதி முத்திரை இல்லாத எதுவும் வெளியே போக முடியாமல் போனது. நிலக்கரி விலையைப் பற்றி அனுமதியின்றி எட்டுப் பக்கம் அச்சடித்திருந்தாள். அதிகாரிகள் எந்திரத்துக்குச் சீல் வைத்துப் போனார்கள். மறுநாள் அடுப்புப் புகை வெளியேறவில்லை. டபித்தா வாசலைத் தாண்டினால் சமையலறையில் போய் நின்றாள். ரொட்டிக்காரர் உள்ளே வரப் பயந்து ஜன்னல் வழியாக வீசிவிட்டுப் போனார். ஏப்ரலில் பூனைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதனிடம் ஆட்சேபகரமாக ஒன்றுமில்லையாம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஒரே மகள் ஹெஸ்டர் நிறைமாதமாக இருந்தாள். முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. இந்த முறையாவது பக்கத்தில் இருக்க வேண்டுமென்று, கூண்டுக்குள் போட்டதுபோல் டபித்தா தவித்தாள். கடைசியில் அனுமதி அதிகாரி ஜெர்வஸ் டன்னாக் வந்தார். படிக்காமல் எதற்கும் முத்திரை கிடையாது. எனவே அவள் மூன்று நாள் தன் வாழ்க்கையைச் சொல்ல, அவர் எழுதிப் படித்தார்.

"எல்லாம் சரிதாம்மா. நடுவுல, பழைய ராஜா தலையை வெட்டினப்புறம் பதினோரு வருஷம் நாட்டுல ராஜாவே இல்லேன்னு வருது பாருங்க. சட்டப்படி அப்படி ஒரு காலமே கிடையாது. அதை அடிச்சாத்தான் முத்திரை."

"தாராளமா அடிங்கய்யா. பிரதியில அடிச்சா மூலம் எங்க போயிடப்போகுது?"

அச்சுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அடிபட்ட வரி எழுதியவரின் கைப்பிரதியில் பத்திரமாக இருப்பதை முப்பது வருடம் பார்த்தவள், இங்கே கைப்பிரதி தானேதான் என்பதை யோசிக்கவில்லை. ஹெஸ்டர் பிறந்தது அந்தப் பதினோரு வருடத்துக்குள். பிறக்காத பிள்ளையைப் பற்றிப் பிந்தைய வருடங்களிலும் நினைவு இருக்க நியாயமில்லை. டன்னாக் கோடு போட்டு, அவள் புறங்கையில் முத்திரை குத்தினார்.

குழந்தைத் துணிக் கூடையோடு தெருவுக்கு வந்தவள், அது யாருக்கென்று தெரியாமல் நின்றாள். பக்கத்துக் கடை பைண்டர் ஒபதியா ஓடிவந்தார். "இன்னும் நிக்கிறீங்களேக்கா! ஹெஸ்டருக்கு வலி கண்டுடுச்சு, ஓடுங்க!" யாரோ பாவம் என்று அவளும் அவர் பின்னால் ஓடினாள்.

ஹெஸ்டர் அவள் கையை விடவேயில்லை. டபித்தா அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, "உங்கம்மா எங்க இருக்காங்க, கண்ணு? சொல்லு, ஆள் அனுப்பி வரவழைக்கிறேன்" என்றாள்.

ஆண் குழந்தை, தங்கியது. 1695இல் அச்சுக்கு அனுமதி கேட்ட அந்தச் சட்டம் காலாவதியாகி, யாரும் எதையும் அச்சடிக்கலாம் என்றானது. அடித்ததைத் திருப்பித் தர மட்டும் எங்கும் வழி சொல்லப்படவில்லை. ஹெஸ்டரும் சொல்லிச் சொல்லிப் பார்த்து, அழுது, விட்டுவிட்டாள். ஞாயிறுதோறும், "வாங்க, மிசஸ் ஹர்லாக்" என்று கதவைத் திறப்பாள். டபித்தாவும், தனக்குப் பிள்ளையில்லாத குறையைத் தீர்த்தவள் இவள்தான் என்று தெருவெல்லாம் சொல்லிவந்தாள்.