மூச்சு விடும் இடம்

அந்தப் பாட்டு டாக்ஸியில்தான் முதலில் அவள் காதில் விழுந்தது. டிரைவர் சத்தத்தைக் கூட்டினார். "இப்போ எங்க போனாலும் இதான் மேடம்."

இரண்டாவது வரியிலேயே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் போட்ட மெட்டு. நாடகக் குழுவில் இருந்த காலத்தில், மகனைப் பறிகொடுத்த தாயாக நடித்த அக்காவுக்காகப் போட்ட ஒப்பாரி. அதை இப்போது டிரம்ஸ் போட்டு மொத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வரியும் பாதியில் நின்று மௌனமாகும் இடத்தில் 'பளார் பளார்' என்று கைதட்டல்.

"வண்டிய ஸ்டுடியோவுக்குத் திருப்புங்க" என்றாள்.

அந்த மௌனம்தான் அவளுக்குச் சோறு போட்டது. நாடகம் பார்க்க வந்த சினிமா டைரக்டர் அதைக் கேட்டுத்தான் அவளைக் கூப்பிட்டார். அப்புறம் வந்தவர்களும், "அந்த மாதிரி ஒரு கேப் விடுங்க மேடம், ஜனங்க அழுதுடுவாங்க" என்றே கேட்டார்கள். பேட்டிகளில் அவளும் அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசியிருக்கிறாள்.

பாடியவன் அக்கா மகன். ஊரெல்லாம் போஸ்டரில் ஏதோ ஸ்டைலான பெயர். வீட்டில் அவன் குண்டு. "சித்தி, உங்க பழைய டியூன் ஒண்ணு எடுத்துக்கவா?" என்று போனில் கேட்டபோது, அவள் ஒரு படத்தின் பின்னணி இசையில் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள். "எடுத்துத் தொலை" என்றிருந்தாள்.

அவனுடைய ஸ்டுடியோ கதவைத் தள்ளிக்கொண்டு அவள் நுழைந்ததும் குண்டு ஹெட்போனைக் கழற்றினான்.

"எந்த டியூன்னு ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே சித்தி."

"செத்த பிள்ளைக்கு அழுற பாட்டுடா அது! மூச்சு விடுற இடத்துல எவன்டா கைதட்டல் போட்டது?"

அவன் ஹெட்போனைக் கீழே வைத்தான். "அம்மா."

"என்னது?"

"அம்மாதான் போடச் சொன்னாங்க."

அக்கா வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. படியேறிய வேகத்தில் அவளுக்கு இரைத்தது. அக்கா கிளிப்பைக் கழற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "வந்துட்டியா? அவன் போன் பண்ணினான்."

"என் மானத்தை வாங்கணும்னே பண்ணியா?"

"உன் மானம் எங்க வந்தது இதுல?"

"அந்த இடைவெளிதான் அந்தப் பாட்டே!"

அக்கா கையிலிருந்த போர்வையைக் கூடையில் வீசினாள். "அது இடைவெளி இல்லடி, எனக்கு இழுப்பு. ஒரு வரியை முழுசாப் பாட முடியாம நின்னேன். டாக்டர்கிட்ட போகணும்னேன். நீ என்ன சொன்ன? 'அப்படியே நில்லுக்கா, அழகா இருக்கு'ன்னு சொன்ன. தினம் தினம் மேடையில நான் திணறினேன். நீ அதுக்குப் பேர் வெச்சு சினிமாவுக்குப் போயிட்ட. இப்பவும் டிவியில பேசுற. ஒரு தடவையாவது என் நெஞ்சைப் பத்திப் பேசினியா?"

அக்கா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்னால நிரப்ப முடியாத இடத்தை என் பிள்ளை நிரப்பிட்டான். எனக்கு அது போதும். நீ போ."

கீழே இறங்கும்போது அவள் கைப்பிடிச் சுவரில் ஓங்கிக் குத்தினாள். விரல் முட்டி சிராய்ந்து ரத்தம் கசிந்ததுதான் மிச்சம். அக்கா சொன்னது பொய் என்றால் சண்டை போடலாம். உண்மையை வைத்துக்கொண்டு யாரோடு மல்லுக்கு நிற்பது?

மறுநாள் காலை குண்டுவின் ஸ்டுடியோவில் போய் நின்றாள். அவன் பயந்து எழுந்தான்.

"சித்தி, பாட்டை எடுத்துடவா?"

"எதுக்கு? கைதட்டல் இருக்கட்டும். ஆனா கீழ பேஸ் கிடாரை எவன் வாசிச்சான்? கட்டை வண்டி மாதிரி இருக்கு. நகரு."

சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு அந்த பேஸை கீபோர்டில் வாசித்தாள். தப்பு செய்தபோதெல்லாம் கீபோர்டை அறைந்தாள். டிரம்ஸ்காரர் ஸ்டுடியோவின் மறுகோடிக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டார். புதுப் பதிவு வெளிவந்து பழையதைவிடப் பிய்த்துக்கொண்டு ஓடியது.

அக்காவிடமிருந்து போன் வந்தது.

"கேட்டேன்."

"எப்படி?"

"சத்தம் ஜாஸ்தி."

"நீயே ஒரு டியூன் போட்டுக்கோ, போ!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள்.