தோளில் ஒட்டிய கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு எதிரே கம்பில் கூடை தொங்கவிட்டு நாசி கண்டார் சோறு விற்கும் சிக்கந்தரைப் பிடித்த போலீஸ்காரரின் கை, சிக்கந்தரின் தோளிலேயே ஒட்டிக்கொண்டது. கம்பு தாங்குகிற தோள் அது. போலீஸார் தேடி வந்த திருடனுக்குத் தாடியும் கட்டம்போட்ட கைலியும் அடையாளம். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அதே அடையாளம்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழங்காலுக்குப் பின்னால் உதைத்துத் தள்ளி, கொட்டிய மீன்கறியிலேயே இழுத்துப் போனார்கள். மகள் சலேஹா பார்த்துக்கொண்டு நின்றாள்.

உண்மைத் திருடன் அன்று சாயங்காலமே அகப்பட்டான். சிக்கந்தரை விடச் சொல்லி உத்தரவு வந்தது, கைதான் வரவில்லை. எண்ணெய் தடவினார்கள், வெந்நீர் ஊற்றினார்கள். வெட்டிவிடலாமா என்றால், அது அரசாங்கக் கை, லண்டனுக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார் டாக்டர். மாஜிஸ்திரேட்டு சட்டத்தைப் புரட்டி, நியாயமான சந்தேகத்தில் பிடித்தது குற்றமில்லை, குற்றமில்லாத இடத்தில் மன்னிப்புக்கு வேலையில்லை என்றார். பள்ளிவாசல் காஜியாரோ, மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை, கேட்டுப் பெற்றால் கை தானே வரும் என்றார். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை இதைக் கேட்டுக் குதித்தார். மன்னிப்புக் கேட்கிற போலீஸ்காரனுக்கு அன்றே வேலை போகும் என்றார்.

கைக்குச் சொந்தக்காரர் இஸ்மாயில். தாய் மலாய்க்காரி, தகப்பன் தமிழர். மாஜிஸ்திரேட்டின் சட்டமும் காஜியாரின் சட்டமும் தெரியும், வீடு நிறையப் பிள்ளைகளும் உண்டு. மன்னிப்புக் கேட்காமல் சிக்கந்தர் கூடவே போனார். கைது இன்னும் முடியவில்லை என்று சம்பளமும் வந்துகொண்டிருந்தது. சிக்கந்தர் கம்பை மறுதோளுக்கு மாற்றினார். அந்தத் தோளும் உரிந்து புண்ணானது. மனைவி நூர்ஜான் சுவரிலிருந்து கணவன் தோள்வரை திரை கட்டிச் சோறு பரிமாறினாள். ராத்திரியில் சிக்கந்தர் புரண்டால் இஸ்மாயிலுக்கு விழிப்பு, இஸ்மாயில் புரண்டால் சிக்கந்தருக்கு. இருவருமே சரியாகத் தூங்கவில்லை.

நோன்புப் பெருநாளன்று வீட்டுக்குள் இஸ்மாயில் கிசுகிசுப்பாக மன்னிப்புக் கேட்டார்:

"அண்ணே, மாஃப் கேக்குறேன்."

"இழுத்தது தெருவுல, கேக்குறது வூட்டுக்குள்ளயா?"

சிக்கந்தர் கல்நெஞ்சர் இல்லை. ஆனால் தெருவில் இழுபட்ட நாளிலிருந்து சலேஹா தகப்பன் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது அவரைத் தின்றது.

மூன்றாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ கலைந்த நேரம். இன்ஸ்பெக்டர் துரை எதிரே நிற்கும்போதே இஸ்மாயில் நடுத்தெருவில் தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணே, அன்னைக்கு நான் செஞ்சது அநியாயம். எல்லார் முன்னாலயும் கேக்குறேன், மன்னிச்சிருங்க."

சிக்கந்தருக்கு முடியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"வேல போயிரும்லா, தம்பி."

"போகட்டும்ணே."

"மன்னிச்சேன்."

கை வந்துவிட்டது. வேலை போயிற்று என்று துரை அங்கேயே இடுப்புப் பட்டையைக் கழற்றச் சொன்னார். இஸ்மாயில் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதே கையைச் சலாம் கொடுக்க நீட்டினார். மறுபடி ஒட்டிக்கொள்ளுமோ என்று தெருவே எட்டிப் பார்த்தது. சிக்கந்தர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தம் கையைக் கொடுத்தார். ஒட்டவில்லை. பசித்தவர்கள் சோறு கேட்க ஆரம்பித்தார்கள்.