ஏழாம் நம்பர் வாங்கிய ஜிபிஎஸ்

என் வீட்டுக்காரருக்கு டிப்போவில் ‘ஏழாம் நம்பர்’ என்றுதான் பெயர். பதினெட்டு வருடமாக அந்த நம்பர் பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார். அந்தத் தடத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார். தடத்தை விட்டு நாலு தெரு தள்ளிவிட்டால் திருதிருவென்று முழிப்பார்.

போன வருடம் அக்காவைப் பார்க்கக் கிளம்பிய லட்சணமும் அதுதான். அத்தான் வனக்காவலர், குடியிருப்பு மலைக்காட்டுக்குள். அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. ஒரே காட்டை மூன்று முறை சுற்றினோம். கடைசியில் ஒரு உடைந்த மைல்கல்லில் உட்கார்ந்து நான் கத்த, காருக்குள் இருந்து அவர் கத்த, அப்படியே திரும்பிவிட்டோம். அக்கா டவுனுக்கு இறங்கி போன் செய்தபோது உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “அவருக்கு லீவு கிடைக்கலக்கா” என்று கூசாமல் பொய் சொன்னேன். அவளைப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

இந்த வருடம் போயே ஆக வேண்டும் என்று மறுபடி பிடித்துக்கொண்டேன்.

“சரி, செல்போன் சிக்னல் இல்லாமலே வழி காட்டுற ஜிபிஎஸ் வாங்குவோம். இந்தத் தடவையும் திரும்பி வந்தோம்னா நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது” என்றார்.

கடைக்காரப் பெண் மூன்று கருவிகளை மேஜையில் பரப்பினாள். எது பெரிய திரை, எதில் பேட்டரி அதிக நேரம் தாங்கும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்க, இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“என் ரூட்டைக் காட்டும்மா.”

முதலாவது, டிப்போவை ஆற்றுக்குள் வைத்திருந்தது. இரண்டாவதில் ஆஸ்பத்திரி ஸ்டாப்பே இல்லை. மூன்றாவது சின்னது, டார்ச் லைட் அளவு. டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் சந்துகூட அதற்குத் தெரிந்திருந்தது.

“இதுக்குதான் விவரம் பத்துது” என்றார்.

“ஏங்க, நாம போறது ஏழாம் நம்பர் ரூட்டுலயா? மலையைக் காட்டச் சொல்லுங்க.”

நகர்த்திக் காட்டினாள். வெறும் பச்சை. “இதுல பாதையே இல்லையே!” என்றேன்.

அவள் சிரித்தாள். “ஊர் மேப்புதான் கூட வரும் மேடம். மலைக்கு விவரமான மேப்பை நீங்களே ஏத்திக்கணும்.”

வீட்டில் கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்தோம். நாடே கட்டம் கட்டமாகத் திரையில் விரிந்தது. வேண்டிய கட்டங்களைத் தொட வேண்டும். நான் மலையைச் சுற்றி ஒன்பது கட்டம் தொட்டேன். இவர் ஏழாம் நம்பர் ரூட்டையும் தொட்டார்.

“அதுதான் ஏற்கெனவே இருக்கே, எதுக்குங்க?”

“இருக்கட்டும். ஒரு தைரியத்துக்கு.”

நூறு சதவீதம் ஏறும்வரை நாற்காலியை விட்டு நான் அசையவில்லை. பச்சை இருந்த இடத்தில் ஓடைகள், ஒற்றையடிப் பாதைகள், பாலங்கள்! குதித்தே விட்டேன். குடியிருப்புச் சுவரில் எழுதியிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அக்கா குறித்துக்கொண்டு போய் டவுனிலிருந்து போனில் வாசித்திருந்தாள். அதைத் தட்டியதும் ஒரு குட்டிக் கொடி நின்றது. அக்கா வீடு!

விடிந்ததும் கிளம்பினோம். வழியில் எந்த பஸ் ஸ்டாப்பைக் கண்டாலும் இவர் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

“யாரும் ஏறல, போங்க.”

காட்டுக்குள் ஓர் இடத்தில் இடதுபுறம் திரும்பச் சொன்னது கருவி.

“இது ரோடே இல்லடி.”

“மேப்புல இருக்கு. திருப்புங்க.”

இரண்டு கிலோமீட்டர். ஒன்று. ஐந்நூறு மீட்டர். என்னால் உட்கார முடியவில்லை. இருநூறு மீட்டர் என்று காட்டியபோது சடாரென்று வண்டியை நிறுத்தினார்.

“ஏய்... அது நீ உக்காந்த கல்லு.”

அதேதான், உடைந்த மைல்கல். திரையில் வளைவுக்கு அந்தப் பக்கம்தான் கொடி நின்றது.

நாங்கள் இறங்குவதற்குள் வளைவிலிருந்து ஒருத்தி செருப்புகூட இல்லாமல், இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

“திருப்பாதீங்க! வண்டியைத் திருப்பாதீங்க!”

அக்கா! ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

“போன வருஷமும் ஒரு கார் இங்க வந்து நின்னுச்சுடி. இந்தக் கல்லுல ஒருத்தி உக்காந்து கத்திட்டிருந்தா. என் தங்கச்சி குரல்னு ஓடி வந்தேன், அதுக்குள்ள திரும்பிடுச்சு. லீவு கிடைக்கலன்னு நீ சொன்னியா, எனக்குப் பிரமைன்னு உங்க அத்தான் இன்னிக்கு வரைக்கும் கேலி பண்றாரு.”

இவர் கருவியில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

“லீவு போன வருஷமும் கிடைச்சுதுக்கா” என்றேன்.

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். ஓங்கி முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் வீடு போய்ச் சேரும்வரை என் கையை விடவே இல்லை.