நாற்பத்தேழாம் நம்பர் கடையில் இருந்தது யார்?

லைசென்ஸ் புதுப்பிக்க நேர்லதான் வரணும்னு சொன்னதும் மாநகராட்சிக்காரங்கதான். நேர்ல போன நேரத்துல கடையில ஏன் இல்லைன்னு நோட்டீஸ் அனுப்பினதும் அவங்கதான். இந்த அக்கிரமத்தை நான் எங்க போய்ச் சொல்ல?

சந்தையில பட்டன், நூல், ஜிப், எலாஸ்டிக் விக்கிறவ நான். நாற்பத்தேழாம் நம்பர், வரிசையில கடைசிக் கடை. எனக்கு வலது பக்கம் சுவர். இடது பக்கம் நாற்பத்தாறு, அது என் நாத்தனாரோடது. அவ துணியை மீட்டர் கணக்குல வெட்டி விக்கிறா. என் வீட்டுக்காரரோட கூடப் பிறந்த தங்கச்சி. அவர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். அவளும் நானும் பேச்சை நிறுத்தி ஆறு வருஷம்.

காரணம் ஒரு கத்தரி. என் வீட்டுக்காரர் வெச்சிருந்த பெரிய துணிக் கத்தரி, தூக்கினா கை வலிக்கும். அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டு கைப்பிடியில பெயின்ட் போயிருக்கும். ஒரு நாள் காலையில பாத்தா காணோம். துணிக் கத்தரி யாருக்கு உதவும்? துணிக்காரிக்குத்தானே? சந்தை நல்லா கூடியிருந்த நேரத்துல நடுவழியில நின்னு, "அண்ணன் செத்து வருஷம் திரும்பல, அதுக்குள்ள திருடக் கிளம்பிட்டியாடி"ன்னு கேட்டேன். கேட்டது நான்தான், இல்லைங்கல. என் வாய் அப்படி. அன்னையிலேருந்து அவ என்னைய ஏறிட்டுப் பாக்கிறதில்ல.

ஆனா எங்க சந்தையில ஒரு பழக்கம் இருக்கு. அவசரமா எங்கயாவது போகணும்னா, நாற்காலியை எந்தக் கடைப் பக்கமாத் திருப்பி வெச்சுட்டுப் போறோமோ, அந்தக் கடைக்காரங்க பாத்துக்கணும். சொல்லக்கூட வேண்டாம். சண்டைக்காரங்களா இருந்தாலும் பாத்துக்கணும். எனக்குத் திருப்ப ஒரே பக்கம்தான் இருக்கு. சுவரா வந்து பட்டன் விக்கும்? நான் திருப்பினா அவ வருவா, கஷாயம் குடிச்ச மூஞ்சியோட நிப்பா, வித்த காசை என் டப்பாவுல போட்டுட்டுப் போயிருவா. ஒரு பட்டன் குறைஞ்சதில்ல. ஆனா அவ கிளம்புறப்போ, நாற்காலியை அந்தப் பக்கம், நாற்பத்தஞ்சாம் நம்பர் பூட்டுக்காரர் பக்கம்தான் திருப்புவா. என் பக்கம் ஒரு தடவைகூடத் திருப்பினதில்ல.

போன மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன அன்னைக்கும் அப்படித்தான் திருப்பி வெச்சுட்டுப் போனேன். நான் மாநகராட்சி வரிசையில கால் கடுக்க நிக்கிறேன், இங்க ஆய்வாளர் வந்து என் கடையில நின்ன அவளைப் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டார். ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் வந்துச்சு. 'கடையை உள்வாடகைக்கு விட்டதாகத் தெரிகிறது. இருவரும் நேரில் வரவும்.' இவளே போட்டுக் குடுத்திருப்பாளோன்னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு. சந்தைக்கு லீவு நாளாப் பாத்துக் கூப்பிட்டிருந்தாங்க. அந்த மட்டுக்கும் புண்ணியவான்கள்.

மாசம் முடிஞ்சா லைசென்ஸும் முடியுது. புதுப்பிக்கலைன்னா கடை, காத்திருக்கிறவங்க பட்டியல்ல அடுத்த ஆளுக்குப் போயிரும். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. பட்டனை விரல்ல தொட்டே என்ன சைஸுன்னு சொல்லுவேன். வேற ஒண்ணும் தெரியாது. அந்தக் கடை போனா நான் எங்க போவேன்?

கவுன்ட்டர்ல கண்ணாடி போட்ட ஆள். நிமிந்துகூடப் பாக்கல.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். இதே கவுன்ட்டர்ல, உங்க முன்னாடிதான் நின்னேன்."

"வாடகைக்கு விட்டவங்களும் இங்க வந்து நிப்பாங்கம்மா. கடையில உங்க ஆள் இல்லையே."

"அப்போ கடையைச் சாத்திட்டு வந்திருக்கணுமா?"

"வியாபார நேரத்துல சாத்தக் கூடாது. அதுக்கும் நோட்டீஸ் வரும்."

"வேற யாரையாவது இங்க அனுப்பியிருக்கலாமா?"

"லைசென்ஸ் போட்டோவுல இருக்கிறவங்கதான் வரணும்."

"ஏன்யா, என்னைய ரெண்டாப் பொளந்து ஒரு பாதியை அங்கயும் ஒரு பாதியை இங்கயும் வெக்கவா?"

"கத்தாதீங்க. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

ஒரு நாற்காலி இடம் விட்டு உக்காந்திருந்த என் நாத்தனார் எந்திரிச்சு வந்தா. கண்ணாடிக்காரர் அவளைக் கேக்க ஆரம்பிச்சார்.

"அந்தக் கடைக்கு வாடகை குடுத்தீங்களா?"

"இல்ல."

"சம்பளம் வாங்கினீங்களா?"

"இல்ல."

"அப்புறம்? ஒட்டு உறவா?"

"பேச்சுவார்த்தையே கிடையாது."

"பேச்சுவார்த்தை இல்லாதவங்க கடையில சும்மா போய் நின்னீங்களாக்கும்? யார் காதுல பூ சுத்துறீங்க?"

அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. ஆறு வருஷத்துல அதுதான் முதல் தடவை.

"திருடப் போனேன்" அப்படின்னா.

கண்ணாடிக்காரர் இப்பத்தான் நிமிந்தார்.

"எழுதிக்கங்க சார். ஆள் இல்லாத நேரம் பாத்துத் திருடப் போனேன். நான் திருடிதான். இந்தம்மாவைக் கேளுங்க, சந்தை பூரா சொல்லியிருக்காங்க."

அந்த ஆளுக்கு ஒரே சந்தோஷம், சிக்கல் தீர்ந்துச்சுன்னு. "திருட்டுன்னா உள்வாடகை ஆகாது. நீங்க புகார் எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா, இன்னைக்கே புதுப்பிச்சுத் தர்றேன். ஆனா புகார் வந்தா இவங்க லைசென்ஸ் ரத்தாயிரும்."

"ஆகட்டும்" அப்படின்னா அவ. குரல்ல ஒரு நடுக்கம் கிடையாது.

வெள்ளைத்தாளும் பேனாவும் என் முன்னாடி வந்துச்சு. மறைக்க மாட்டேன், பேனாவைக் கையில எடுத்தேன். தேதிகூடப் போட்டேன். என் கடை, என் சோறு. அவளே ஒத்துக்கிறா, எனக்கென்ன வந்துச்சு?

வந்துச்சு. அந்தக் கத்தரி நாலு வருஷத்துக்கு முன்னாடியே எனக்குக் கெடச்சிருச்சு. சுண்ணாம்பு அடிக்கக் கடைப் பலகையைக் கழட்டினப்போ, பின்னாடி சந்துக்குள்ள விழுந்து கிடந்துச்சு. துணியில சுத்தி வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரி அடியில போட்டுட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடல. சொன்னா சந்தையில என் மானம் என்ன ஆகுறது? அதனால அவ திருடியாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதுக்கப்புறமும் கூசாம நாற்காலியைத் திருப்பினேன். அவளும் வந்து நின்னா.

"எடுக்கல" அப்படின்னேன்.

"என்னம்மா?"

"அவ எதுவும் எடுக்கல. அன்னைக்கும் எடுக்கல. கத்தரி என் கடைக்குள்ளயேதான் கிடந்துச்சு."

"எந்தக் கத்தரி? லைசென்ஸுக்கும் கத்தரிக்கும் என்னம்மா சம்பந்தம்? கையெழுத்துப் போடுறீங்களா இல்லையா?"

"போட மாட்டேன். நான் உங்க வரிசையில நின்னேன், அவ என் கடையைப் பாத்துக்கிட்டா. அவ்வளவுதான்."

அவர் முத்திரையை எடுத்து என் விண்ணப்பத்துல ஓங்கி ஒரு குத்து குத்தினார். நிராகரிக்கப்பட்டது. முப்பது நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணலாமாம், முடிவு தெரியிற வரைக்கும் கடை போடலாமாம்.

படியில இறங்குறப்போ பின்னாலேருந்து குரல் வந்துச்சு. "எப்போ கெடச்சுது?"

"நாலு வருஷம் இருக்கும்."

"நாலு வருஷம்!" முன்னெல்லாம் அண்ணி, வாங்க, போங்கன்னுதான் பேசுவா. "நாலு வருஷமா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பின நீ?"

எதுக்கெடுத்தாலும் எதிர்வாதம் பண்றவ நான். அன்னைக்குப் படியையே பாத்துக்கிட்டு நின்னேன். வெக்கமா இருந்துச்சு, வேற என்ன சொல்ல?

"மேல்முறையீட்டுக்கு வந்து உள்ளதைச் சொல்றேன்" அப்படின்னா. "உனக்காகன்னு நினைச்சுக்காத. எம்பேருக்குப் பக்கத்துல அந்த வார்த்தை எந்தக் காகிதத்துலயும் இருக்கக் கூடாது. அதுக்காக." சொல்லிட்டு என்னையத் தாண்டி விறுவிறுன்னு இறங்கிப் போயிட்டா.

மறுநாள் கத்தரியைப் பையில போட்டுக் கொண்டுபோனேன். அவ கையில குடுக்கத் தைரியம் வரல. பதினோரு மணி வாக்குல அவ எந்திரிச்சு, நாற்காலியைத் திருப்பினா. பூட்டுக்காரர் பக்கம்தான். வேற என்ன எதிர்பார்த்தேன்னு எனக்கே தெரியல.

அவ தலை மறைஞ்சதும் கத்தரியை எடுத்துக்கிட்டுப் போய், அவ துணி அடுக்குக்கு நடுவுல கையை விட்டேன்.

"ஏம்மா!" பூட்டுக்காரர் அரத்தைக் கீழ போட்டுட்டு எந்திரிச்சே வந்துட்டார். சந்தையே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினார். "ஆள் இல்லாத கடையில கை விட்டு என்ன எடுக்கிற?"

"எடுக்கலய்யா" அப்படின்னேன். "வைக்கிறேன்."

அவர் என் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டச் சொன்னார்.